நகராத வண்டிகளின் பட்டியல்

(நம் குடியிருப்பின் குடியரசு தின விழாவில், கொடியேற்றத்துக்குப் பிறகு பேசியது. இதழுக்காக அங்கங்கே திருத்தியிருக்கிறேன். பேச்சின் கடைசியில் வரும் ஞாயிற்றுக்கிழமை இப்போது முடிந்துவிட்டது. அன்று என்ன நடந்தது என்பதைக் கீழே வந்து நின்றவர்களிடம் கேட்டுக்கொள்ளவும்.)

தலைவர், செயலாளர், பெரியோர்கள், தாய்மார்கள், எப்போது முடிப்பேன் என்று பொங்கல் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், எல்லோருக்கும் வணக்கம்.

"பத்து நிமிஷம் பேசுங்க சார், ஏதாவது பேங்க் விஷயமா, சீனியர் சிட்டிசன் டெபாசிட் மாதிரி" என்றுதான் செயலாளர் கேட்டுக்கொண்டார். மன்னிக்கவும். வட்டி விகிதத்தை நீங்கள் போனிலேயே பார்த்துக்கொள்வீர்கள். நான் கீழே ஸ்டில்ட்டில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களைப் பற்றிப் பேசப் போகிறேன்.

போன ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு சி பிளாக் பாட்டிக்கு மூச்சுத் திணறல். 108 வந்துவிட்டது. லிஃப்டிலிருந்து வாசலுக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். தூணுக்கும் சுவருக்கும் நடுவே வழியை அடைத்துக்கொண்டு ஒரு வண்டி. ஹேண்டில்பாரில் ஸ்ட்ரெச்சர் இடித்தது. டயரில் காற்று இல்லாததால் வண்டி உருளவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்த ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. பாட்டி நல்லபடியாகத் திரும்பி வந்து, இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் எனக்கு மறக்கவில்லை. அந்த வண்டி என்னுடையது.

அக்டோபர் பொதுக்குழுவில், ஆறு மாதமாக நகராத வண்டிகளை அகற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தது. வழி வேண்டும், எலக்ட்ரிக் வண்டிகளுக்குச் சார்ஜிங் பாயின்ட் வைக்க இடம் வேண்டும், எலி வேறு. யார் கணக்கெடுப்பது என்று கேட்டபோது நானே கையைத் தூக்கினேன். குற்ற உணர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

38 வருஷம் பேங்கில் குமாஸ்தா வேலை பார்த்தவன் பட்டியல் எடுத்தால் எப்படி இருக்கும்? கோடு போட்ட நோட்டு, சிவப்பு மையில் தலைப்பு, நம்பர், கம்பெனி, நிறம், டயர் நிலைமை. மொத்தம் 11 வண்டிகள். நாலு ஸ்கூட்டரும் மொபெட்டும், ஏழு மோட்டார் சைக்கிள். ஒவ்வொன்றிலும் '15 நாட்களுக்குள் தொடர்பு கொள்ளவும்' என்று நோட்டீஸ் ஒட்டினேன். என் புல்லட்டிலும் ஒட்டினேன். மேலே வந்தால் வீட்டம்மா சொன்னாள்: "யாரைத் தொடர்பு கொள்ளணும்? உங்களைத்தானே? கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்குங்க."

15 நாள் போயிற்று. ஒருவரும் வரவில்லை. சரி, வீட்டுக்கு ஐந்து நிமிஷம் என்று கணக்குப் போட்டு, நானே கிளம்பினேன்.

முதல் வீட்டிலேயே இரண்டு மணி நேரம்.

ஏ பிளாக் மூன்றாம் மாடி. கிண்டி எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி யமஹா ஆர்.எக்ஸ். 100. இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி அது. 98 சி.சி. இன்ஜின், 11 குதிரைத்திறன், வண்டியோ எடையே இல்லாத மாதிரி. டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும். அந்த நீலப் புகைக்கு ஒரு வாசனை உண்டு. எனக்கு அது பிடிக்காது, அவருக்கு அது மல்லிகை. தி. நகரிலிருந்து தினமும் போய் வந்த கதை, அண்ணா சாலையில் சிக்னல் விழுந்ததும் பஸ், லாரி எல்லாவற்றையும் பின்னால் விட்டுவிட்டுக் கிளம்பிய கதை எல்லாம் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். அந்த வண்டியின் சத்தத்தை வைத்தே நாலு தெரு தள்ளி வரும்போதே அவர் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாராம். அதைச் சொல்லும்போது குரல் மாறிவிட்டது.

"என்ன விலைக்குக் கேட்கிறாங்க சார்?" என்று பேங்க் புத்தியில் கேட்டுவிட்டேன். அவர் வண்டிக்கு மாதத்துக்கு ஓர் ஆளாவது வந்து கேட்பதாகக் கேள்வி.

"விலையை மட்டும் கேக்காதீங்க. சொல்லிட்டா வித்துடுவேனோன்னு பயமா இருக்கு" என்றார்.

அடுத்தது பி பிளாக் மாமி. அவர் வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. வண்டி எஸ்டி, 1978 மாடல். இந்த எஸ்டியின் கதை தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். ஐந்து பேர், எல்லோருக்கும் நரைமுடி. மைசூரில் ஐடியல் ஜாவா என்று ஒரு கம்பெனி. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டியை 1960-களில் அங்கே செய்ய ஆரம்பித்தார்கள். 1973 முதல் அதற்கு எஸ்டி என்று பெயர். 1996-ல் கம்பெனி மூடிவிட்டது. அதற்கு ஒரு விசித்திரம் உண்டு. உதைத்துக் கிளப்புகிற அதே லீவரை மடக்கித் திருப்பினால் அதுவே கியர் லீவர். இன்ஜினில் சிலிண்டர் ஒன்றுதான், ஆனால் சைலன்சர் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. புதிதாக ஓட்டுகிறவன் முழித்துக்கொண்டு நிற்பான். அந்த முழியைப் பார்க்க மாமியின் வீட்டுக்காரருக்கு ஒரு சந்தோஷம். உறவுக்காரப் பையன்கள் யார் வந்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பாராம்.

மாமி ஒருநாளும் அதை ஓட்டியதில்லை, பின்னால் உட்கார்ந்ததுதான். ஆனால் பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலக்க வேண்டும், ஸ்பேர் வேண்டுமானால் ஜி.பி. ரோட்டில் எதைக் கேட்கலாம், எதற்குப் புதுப்பேட்டைக்குத்தான் போயாக வேண்டும், எல்லாம் விரல் நுனியில். "அவர் ஸ்வெட்டரை வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன். மூக்குக் கண்ணாடியை ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டேன். இதை மட்டும் குடுக்க மனசு வரலை" என்றார். எஸ்டி என்ற பெயரில் 2022 முதல் புது வண்டிகள் வருகின்றனவே என்றேன். "பேர் அதேதான். நம்மாத்து வண்டி ஆகுமோ?" என்றார். அந்த நோட்டீஸை நானே கீழே போய்க் கிழித்துவிட்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை என்று தெரியும். பொதுக்குழு மன்னிக்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தை மாமியிடம் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். ஆர்.சி. இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. உரிமையாளர் காலமானால் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். யாரும் செய்வதில்லை. பேங்க் பாஸ்புக்குக்கு ஓடுகிறோம், வண்டியை மறந்துவிடுகிறோம். தாமதமானாலும் மாற்றலாம். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம், பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அதையும் விட்டிருப்பீர்கள். ஒரு நல்ல சேதி: 2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. முதல் பதிவு ஆகி 50 வருஷத்துக்கு மேல் ஆன, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதியலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று இரண்டு எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். தினசரி காய்கறி வாங்கப் போக முடியாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரியான காரியங்களுக்குத்தான். மாமியின் வண்டிக்கு 2028-ல் 50 ஆகிறது. "அப்போ அதுக்கும் சஷ்டியப்தபூர்த்தி மாதிரி ஏதாவது பண்ணலாம்" என்று சிரித்தார்.

நடுவில் சில வீடுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. "எடுத்துக்கிட்டுப் போயிடுங்க சார், புண்ணியமாப் போகும்" என்றவர்கள் நாலு பேர். ஒரு வண்டியின் சொந்தக்காரர் வாடகைக்கு இருந்துவிட்டு அமெரிக்கா போனவர். போன் எடுக்கவில்லை. ஒருவருக்குத் தன் பெயரில் ஒரு மொபெட் கீழே நிற்பதே தெரியவில்லை.

இனி என் வண்டி. இங்கே கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1984-லிருந்து மூன்று வருஷம் திருவொற்றியூர் பக்கம் ஒரு கிளையில் எனக்கு வேலை. மயிலாப்பூரில் வளர்ந்து, விவேகானந்தா கல்லூரியில் பி.காம். படித்தவனுக்கு அது வேறு ஊர். சம்பளத் தேதியில் என்ஃபீல்டு தொழிற்சாலை ஆட்கள் கவுன்டரில் வரிசையாக நிற்பார்கள். புல்லட்டைப் பற்றி அவர்களிடம்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறந்த ஊர் இங்கிலாந்தில் ரெட்டிச். 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சி.சி. புல்லட்டுகளை மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் வாங்கியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள், பிறகு இங்கேயே செய்தார்கள். 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுவிட்டது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது. இதைச் சொல்லும்போது அந்தத் தொழிலாளிகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரனுக்கு நாங்கள் வண்டி அனுப்புகிறோம் என்று பணம் எண்ணிக்கொண்டே சொல்வார்கள்.

டேங்க்கில் தங்க நிறத்தில் மெல்லிய கோடு ஓடுகிறதே, அதைக் கையால் இழுக்கிறார்கள் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. தூரிகையில் வண்ணத்தை எடுத்து, வளைவோடு ஒரே இழுப்பு. அளவுகோல் கிடையாது. லெட்ஜரில் ஸ்கேல் வைத்தும் கோணலாகக் கோடு போடுகிற ஆசாமிகளோடு வேலை பார்த்தவன் நான். அந்தக் கோட்டுக்காகத்தான் புல்லட் வாங்க ஆசைப்பட்டேன் என்றால் சிரிக்காதீர்கள்.

1987-ல் ஸ்டாஃப் லோன் போட்டு வாங்கினேன். மாமனார் முகம் சுளித்தார். புல்லட் என்றால் இன்ஸ்பெக்டர் ஓட்டணும், இல்லாவிட்டால் மிராசுதார் ஓட்டணும், கேஷ் கவுன்டர் பையன் ஓட்டலாமா என்று கேட்டார். ஒரு சிலிண்டர், உட்புறம் 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 346 சி.சி. வரும். அகலத்தைவிட உயரம் அதிகம் என்பதால்தான் நிதானமாக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிற அந்தச் சத்தம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். பங்குனியில் அறுபத்துமூவர் அன்று லஸ் முனைக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடப்போம். முன்னால் டேங்க் மேல் பெண், பின்னால் வீட்டம்மா, அவள் மடியில் பையன். ஹெல்மெட்டாவது ஒன்றாவது. இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

2015 டிசம்பர் 2-ம் தேதி காலை இங்கே இருந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அடையாறு நம் கேட்டுக்குள் வந்த நாள். ஸ்டில்ட்டில் இடுப்புக்கு மேல் தண்ணீர். படிக்கட்டில் நின்று பார்த்தேன், ஹேண்டில்பார் மட்டும் தெரிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மந்தைவெளி மெக்கானிக் வந்து பார்த்தார். பழைய புல்லட்டில் இன்ஜினுக்குத் தனி எண்ணெய், கியர் பாக்ஸுக்குத் தனி, கிளட்ச் பக்கத்துக்குத் தனி. மூன்றையும் திறந்தால் மூன்றிலும் காபி நிறத்தில் தண்ணீர். வடித்து, கழுவி, புது எண்ணெய் ஊற்றி, மறுபடி வடித்து, மூன்று தடவை. கார்புரேட்டரில் சேறு. 27-வது நாள் கிளம்பியது. அன்று இந்தக் கட்டடத்தில் பால்கனிக்கு வராத ஆள் இல்லை. சில பேர் கை தட்டினீர்கள். வண்டிக்காகத் தட்டினீர்களா, அந்த மாதம் ஏதோ ஒன்றாவது திரும்பிக் கிளம்பியதே என்று தட்டினீர்களா, தெரியாது.

அப்படிப்பட்ட வண்டியை 14 மாதமாக நான் உதைக்கவில்லை. முழங்கால். "மாடிப்படி ஏறலாம், அந்த வண்டியை மட்டும் உதைக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, நேரமில்லை, பேட்டரி போச்சு என்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். காற்று இறங்கியது. ஆகஸ்ட் மாதம் ஸ்ட்ரெச்சர் வந்தது.

பட்டியலோடு நான் அலைகிறபோது டி பிளாக் தம்பி ஒருவர் கீழே என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஓ.எம்.ஆரில் வேலை. அவரிடமும் புல்லட்தான், புதுசு, ஒரகடம் பக்கம் செய்தது, பட்டனை அழுத்தினால் கிளம்பும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறிவிட்டு வந்தவர். "அங்கிள், இந்த டேங்க் கோடு ஒரிஜினலா?" என்று கேட்டார். ஒரிஜினல்தான் என்றேன். இப்போதும் அதைக் கையால்தான் போடுகிறார்கள் என்றார். எனக்கு அது தெரியாது. இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து கோட்டைப் பார்த்தோம். குந்தியது நான் செய்த தப்பு, எழுந்திருக்க அவர் கை கொடுத்தார்.

அப்போதுதான் கேட்டார்: "இவ்வளவு பிடிக்கும்னு சொல்றீங்க. ஆனா டயர் தரையில ஒட்டிக் கிடக்கு. அப்படின்னா என்ன அங்கிள் அர்த்தம்?"

மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி யோசித்தேன். பேங்கில் ஒரு கணக்கில் இரண்டு வருஷம் வாடிக்கையாளர் எதுவும் செய்யாவிட்டால் அதை இயங்காத கணக்கு என்று தனியே எடுத்து வைப்போம். பத்து வருஷம் போனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் பணம் உங்களுடையதுதான், வந்து கேட்டால் கிடைக்கும். கவுன்டருக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம் சொல்வார்கள்: "அவசரத்துக்கு இருக்கட்டும்னு விட்டு வெச்சேன் சார்." விட்டு வைத்ததற்கும் மறந்து போனதற்கும் வித்தியாசம் லெட்ஜரில் தெரியாது. ஒரு ரூபாயாவது போட்டால்தான் தெரியும். அந்தத் தம்பி கேட்டது இதைத்தான்.

ஆகவே பிப்ரவரி கூட்டத்தில் நான் வைக்கப்போகும் யோசனை இது. செயலாளரோடு பேசிவிட்டேன், அவர் பாதி மனதோடு சரி என்றார். நகராத எல்லா வண்டியையும் வெளியே தள்ள வேண்டாம், எல்லாவற்றையும் அப்படியே விடவும் வேண்டாம். மோட்டார் ரூம் பின்சுவர் ஓரம் கார் நுழைய முடியாத ஒரு துண்டு இடம் இருக்கிறது. டேப் பிடித்து அளந்துவிட்டேன், ஆறு வண்டி நிற்கும். வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அங்கே நிறுத்தலாம். ஆர்.சி. உயிரோடு இருக்க வேண்டும். வெளியே எடுக்கிற வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஓட்டாத வண்டியின் டேங்க்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, இது தீ விஷயம், இதில் சமரசம் இல்லை. மாதத்தில் முதல் ஞாயிறு ஒவ்வொருவரும் இறங்கி வந்து காற்று அடித்து, வண்டியை நாலு அடியாவது உருட்ட வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து வராதவர் வண்டி பட்டியலுக்குத் திரும்பும். என் வண்டிக்கும் இதே சட்டம். லிஃப்ட் வழியில் யாருடைய வண்டியும், ஐந்து நிமிஷத்துக்குக்கூட, நிற்கக் கூடாது.

வேண்டாம் என்று சொன்ன நாலு பேருக்கு: தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஆர்.சி.யும் சேஸிஸ் நம்பரும் உயிரோடு வெளியே போய்விடும், நாளைக்கு எங்கேயாவது அந்த நம்பரில் ஒரு வண்டி ஓடும். அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்று தருவார்கள். அதை வைத்து ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். அமெரிக்காக்காரர் வண்டிக்கு ரிஜிஸ்டர் தபால் போயிருக்கிறது.

ஏ பிளாக் யமஹாக்காரர் டயர் மாற்றிவிட்டார், நேற்றே சத்தம் கேட்டிருப்பீர்கள். மாமிக்கு படிவம் 31 நான் நிரப்பிக் கொடுத்துவிட்டேன், மகன் பெங்களூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மந்தைவெளி மெக்கானிக் வருகிறார். டி பிளாக் தம்பியை என் வண்டியை உதைக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி, பின்னால்தானே நிற்கிறீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பட்டன் பழக்கத்தில் எடுத்ததும் உதைக்கக் கூடாது. சாவியைப் போட்டு, ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் இடது பக்கம் போகும். இன்னும் அழுத்துங்கள், கனமாகும், முள் நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்தி, இடது கையால் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, ஒரு மயிரிழை கீழே தள்ளி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வர விட்டு, அப்புறம் முழு எடையையும் போட்டு ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் அது திருப்பி உதைக்கும். என் முழங்கால் அப்படிப் போனதுதான் என்று டாக்டரிடம் நான் சொல்லவில்லை.

ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். செருப்போடு வராதீர்கள்.